தூதரக வேலையும் ஊக்க ஊதியமும்: எதை அளப்பது, யார் அளப்பது?

எட்டாவது ஊதியக் குழுவின் ஆய்வு வரம்புகளுக்கு ஒன்றிய அமைச்சரவை 2025 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான அந்தக் குழுவிடம் ஒப்படைத்த வேலைகளில் ஒன்று, இப்போதிருக்கும் போனஸ் திட்டங்களை ஆராய்ந்து, திறமையாக வேலை செய்பவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஊக்கத் திட்டம் ஒன்றுக்கு வழி சொல்வது. சென்னையில் மத்திய அரசு அலுவலகங்கள் இருக்கும் சாஸ்திரி பவனிலும் பெசன்ட் நகர் ராஜாஜி பவனிலும், பழைய அடிப்படைச் சம்பளத்தைப் புதியதாக்கப் பெருக்கும் எண்ணான ஃபிட்மென்ட் ஃபேக்டர் எவ்வளவு என்றுதான் பேச்சு ஓடுகிறது. ஊக்க ஊதியம் பற்றி யாரும் அவ்வளவாக வாய் திறப்பதில்லை. வெளிநாட்டில் இந்தியத் தூதரகங்களில் உட்கார்ந்திருக்கும் ஊழியர்களைப் பற்றிய பேச்சு அதைவிடக் குறைவு.

அவர்களில் நம்மூர்க்காரர்களும் உண்டு. மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் சி.ஜி.எல். தேர்வு எழுதும் பிள்ளைகள் பலர் வெளியுறவு அமைச்சக ஏ.எஸ்.ஓ. (உதவிப் பிரிவு அலுவலர்) பதவியை விருப்பப் பட்டியலில் மேலே வைப்பதற்குக் காரணம் வெளிநாட்டு போஸ்டிங். ஊதிய அட்டவணையில் லெவல் 7, தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். இதே சம்பளம் டெல்லி மத்தியத் தலைமைச் செயலகத்தில் இருக்கும் ஏ.எஸ்.ஓ.வுக்கும் உண்டு. வெளிநாடு போனதும் சேரும் ஃபாரின் அலவன்ஸ்தான் வித்தியாசம். அதைப் பார்த்துத்தான் "உனக்கென்னப்பா, டாலர்ல வாங்குற" என்று வீட்டில் பேச்சு வரும். ஊக்க ஊதியம் பற்றிய குழப்பமும் இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆகவே முதலில் இரண்டு பணத்தையும் பிரித்துவிடுவோம்.

ஃபாரின் அலவன்ஸ் 1961ஆம் ஆண்டின் இந்திய வெளியுறவுப் பணி ஊதிய, விடுப்பு, ஈட்டுப்படி விதிகளின் கீழ் வருவது. ஊழியர்கள் வாயில் அது பி.எல்.சி.ஏ. விதிகள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தொகை, ஒவ்வொரு பதவிநிலைக்கும் ஒரு தொகை. அந்த ஊரின் விலைவாசியை வைத்து நிர்ணயிப்பது. நீங்கள் நன்றாக வேலை செய்தாலும் ஒன்றுதான், சுமாராகச் செய்தாலும் ஒன்றுதான். திரும்பி வந்த மறுநாள் அது நின்றுவிடும். ஓய்வூதியக் கணக்கில் ஒரு பைசா சேராது. தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸின் பிடித்தமான 10 சதவீதமும் அரசு போடும் 14 சதவீதமும் அடிப்படைச் சம்பளத்துக்கும் அகவிலைப்படிக்கும் மட்டுமே. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமான யு.பி.எஸ்.ஸிலும் ஓய்வூதியம் கடைசி 12 மாத சராசரி அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். ஆக, ஃபாரின் அலவன்ஸ் செலவுக்கு ஈடு. உழைப்புக்கான கூலி சம்பளத்திலும் அதன் உயர்விலும் இருக்கிறது.

இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க வெளியுறவுப் பணியில் பார்க்கலாம். அங்கே 1990இல் வந்த ஒரு சட்டத்தின்படி, ஊருக்கு ஊர் தனியார் சம்பளத்தோடு ஒப்பிட்டு அரசு ஊழியருக்கு இடச் சம்பளம் என்று ஒரு சதவீதம் 1994 முதல் கொடுத்தார்கள். அமெரிக்காவுக்குள் வேலை செய்பவருக்கு மட்டும். வாஷிங்டனுக்கு ஆரம்பத்தில் 4.23 சதவீதம். சின்னத் தொகை என்பதால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஏறி 2009இல் அது 23.10 சதவீதத்தைத் தொட்டது. வாஷிங்டனிலிருந்து விமானம் ஏறிய அன்றே இளநிலை, நடுநிலை அலுவலர்களின் சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கழன்றுவிடும். கஷ்டமான ஊர் என்று 20 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தாலும் கணக்கு தேறாது: அடிப்படை 100 என்றால் வாஷிங்டனில் 123.10, கஷ்டமான ஊரில் 120. கஷ்டப்படுவதற்கு மூன்று குறைவு!

இதைச் சரிசெய்யக் கேட்டபோது வந்த பேரம்தான் கவனிக்க வேண்டியது. மூத்த அலுவலர்களுக்கு இடச் சம்பளத்தை அடிப்படையோடு சேர்த்து, செயல்திறன் அடிப்படையிலான முறைக்கு ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள். அவர்களுக்கு வெளிநாடு போனாலும் இழப்பில்லை. மற்றவர்களுக்கும் இழப்பை ஈடுகட்டுகிறோம், பதிலுக்கு எல்லோரும் செயல்திறன் சம்பளத்துக்கு வாருங்கள் என்று 2006 வாக்கில் யோசனை வைத்தார்கள். அது சட்டமாகவில்லை. 2009இல்தான் தனி ஏற்பாடாக வெளிநாட்டு ஒப்பீட்டுச் சம்பளம் வந்தது. முதலில் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மூன்றில் இரண்டு, அதோடு நின்றுபோனது. மேலே இருப்பவர்களின் ஓட்டை முதலில் அடைபட்டதால் கீழே இருப்பவர்களின் ஓட்டை மேலே உள்ளவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. நம் குழு எதையாவது கற்க வேண்டுமென்றால் இதைக் கற்கலாம். ஈடு கொடுக்க வேண்டிய பணத்தைப் பரிசு என்று பெயர் மாற்றிக் கொடுக்கக் கூடாது. செயல்திறனுக்குக் கொடுப்பதென்றால் அது தனிக் கணக்காக, ஃபாரின் அலவன்ஸைத் தொடாமல் வரவேண்டும்.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் செயல்திறன் சம்பளம்

ஊக்க ஊதியம் நமக்குப் புதிது என்பது பாதி உண்மைதான். ஆறாவது ஊதியக் குழு 2008இல் செயல்திறன் சார்ந்த ஊக்கத் திட்டத்தைப் பரிந்துரைத்தது. ஏழாவது குழு 2015இல் மறுபடியும் சொன்னது. பொது அரசு அலுவலகங்களில் அது நடக்கவில்லை. அணுசக்தித் துறையிலும் விண்வெளித் துறையிலும் நடந்தது. கல்பாக்கத்தில் வேலை செய்பவர் யாராவது பக்கத்து வீட்டில் இருந்தால் இந்த ஊக்கத் திட்டத்துக்கு அங்கே வழங்கும் பி.ஆர்.ஐ.எஸ். என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். நிறுவனம் முழுவதற்கும் ஒன்று, குழுவுக்கு ஒன்று, தனிநபருக்கு ஒன்று என மூன்று தட்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 78 நாள் உற்பத்தி போனஸ் வருகிறதே, அதுவும் ரயில்வே முழுவதன் உற்பத்தியை வைத்துத்தான். மாறாகச் சாதாரண மத்திய அரசு குமாஸ்தாவுக்கு வரும் 30 நாள் அட்ஹாக் போனஸ், 7,000 ரூபாய் உச்சவரம்பை 30.4ஆல் வகுத்து 30ஆல் பெருக்கி வரும் 6,908 ரூபாய். பாரிஸில் இருப்பவருக்கும் பாரிமுனையில் இருப்பவருக்கும் அதே 6,908. அதில் செயல்திறன் எங்கும் இல்லை.

உண்மையில் செயல்திறனைப் பணமாக மாற்றும் இயந்திரம் ஒன்றுதான்: ஆண்டுதோறும் மேலதிகாரி எழுதும் மதிப்பீட்டு அறிக்கையான ஏ.பி.ஏ.ஆர். பழைய ஆட்கள் இன்னும் சி.ஆர். என்றே சொல்வார்கள். பதவி உயர்வு கிடைக்காமல் ஒரே நிலையில் தேங்கியவருக்கு 10, 20, 30 ஆண்டுகளில் எம்.ஏ.சி.பி. என்ற ஊதிய உயர்வு உண்டு. அதற்கு, முன்பு 'குட்' போதும் என்றிருந்த இடங்களிலும் 2016 ஜூலை 25 முதல் 'வெரி குட்' வேண்டும் என்றாகிவிட்டது. அளவுகோல் 10 மதிப்பெண்: 8 முதல் 10 வரை அவுட்ஸ்டாண்டிங், 6 முதல் 8க்குள் வெரி குட், 4 முதல் 6க்குள் குட். அதாவது 5.9 வாங்கினால் நீங்கள் மோசமான ஊழியர் இல்லை, ஆனால் எம்.ஏ.சி.பி. நின்றுபோகும்.

பணத்தில் பார்ப்போம். லெவல் 7இல் ஒன்பது ஆண்டு உயர்வு வாங்கியவரின் அடிப்படை 58,600. எம்.ஏ.சி.பி. வந்தால் லெவல் 8இல் 60,400. மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600, அதன் மேல் அகவிலைப்படி தனி. இதைக் கேட்டு "இவ்வளவுதானா" என்று தோன்றும். விதியின் அடுத்த வரியைப் படித்தால் அப்படித் தோன்றாது. தகுதியில்லை என்று முதல் எம்.ஏ.சி.பி. எத்தனை காலம் தள்ளிப்போகிறதோ, இரண்டாவதும் அத்தனை காலம் தள்ளிப்போகும். வேலையில் சேர்ந்த பத்தாண்டுக்குள் ஏதோ ஒரு தூதரகத்தில் ஒருவர் போட்ட மதிப்பெண், அந்த ஊழியர் ஐம்பது வயதைத் தொடும்போதும் சம்பளப் பட்டியலில் நிற்கும். வெளிநாட்டில் மூன்றாண்டில் சேர்த்த அலவன்ஸ் அதற்குள் மடிப்பாக்கத்து ஃப்ளாட்டுக்கு முன்பணமாகப் போய்க் கரைந்திருக்கும்.

வெளிநாட்டில் ஏ.பி.ஏ.ஆர். எங்கே கோணுகிறது

அறிக்கைக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. மார்ச் 31க்குள் வெற்றுப் படிவம், ஏப்ரல் 15க்குள் ஊழியரின் சுயமதிப்பீடு, ஜூன் 30க்குள் அறிக்கை எழுதும் அலுவலர், ஜூலை 31க்குள் மறுஆய்வு அலுவலர், ஏற்கும் அலுவலர் ஒருவர் இருந்தால் ஆகஸ்ட் 31. செப்டம்பரில் ஊழியருக்குக் காட்ட வேண்டும். உள்நாட்டில் இதுவே இழுபறிதான். வெளிநாட்டில் இதன் ஒவ்வொரு கண்ணியும் ஆள் மாற்றத்தில் அறுகிறது.

அறிக்கை எழுத வேண்டுமானால் அந்த அலுவலர் குறைந்தது மூன்று மாதம் உங்கள் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். தூதரகத்தில் நீங்கள் மூன்றாண்டு, அவர் மூன்றாண்டு, இருவரும் வேறு வேறு மாதத்தில் வந்தவர்கள். ஒரே நிதியாண்டில் பழைய அதிகாரி ஜூனில் கிளம்பி, செப்டம்பர் வரை நாற்காலி காலியாகக் கிடந்து, புதியவர் வந்து, ஜனவரியில் நீங்கள் கிளம்பினால் அந்த ஆண்டு இரண்டு மூன்று துண்டாகிறது. ஊருக்கு வந்த விடுப்பும் சேர்ந்து கொள்ளும்: 15 நாளுக்கு மேல் ஈட்டிய விடுப்பு எடுத்தால் அந்தக் காலம் மூன்று மாதக் கணக்கிலிருந்து கழியும். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு சென்னை வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனவருக்கு, அதனாலேயே ஓர் அதிகாரியின் கீழ் இரண்டரை மாதம்தான் தேறும். அந்தத் துண்டுக்கு அறிக்கை கிடையாது. அறிக்கை இல்லாத காலத்துக்குச் சான்று வைக்காவிட்டால், தேர்வுக் குழு கோப்பைத் திறக்கும்போது அங்கே ஓர் ஓட்டைதான் இருக்கும். ஓட்டையை நிரப்ப முந்தைய ஆண்டு அறிக்கை ஒன்றை எடுப்பார்கள். அது நீங்கள் வேலைக்குப் புதிதாக இருந்தபோது வாங்கிய சுமாரான அறிக்கையாகவும் இருக்கலாம்.

ஓய்வு பெறும் அதிகாரி இன்னொரு கண்ணி. பணி ஓய்வுக்குப் பின் ஒரு மாதத்துக்குள்தான் அவர் அறிக்கை எழுத முடியும். தூதரகத்திலேயே ஓய்வு பெறுகிறவர் அந்த மாதத்தில் வீட்டைக் காலி செய்து, பெட்டி கட்டி, இந்தியா வந்து சேர்ந்துகொண்டிருப்பார். அவரிடம் ஓய்வுக்கு முன்பே கேட்காவிட்டால் கிடைக்காது.

ஏ.பி.ஏ.ஆர். எழுதும் ஸ்பாரோ இணையதளத்தில் படிவத்தை அனுப்ப மின்கையொப்பம் வேண்டும். ஆதார் ஓ.டி.பி. வழியாகக் கையெழுத்திடுபவருக்கு அது இந்திய சிம்முக்கு வரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் செயலிழந்தால் ஏப்ரல் 15 தாண்டிவிடும். சுயமதிப்பீடு குறித்த நேரத்தில் வராவிட்டால், அது இல்லாமலேயே அறிக்கை எழுத அதிகாரிக்கு உரிமை உண்டு. அதாவது உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் சொல்ல வேண்டிய ஒரே பக்கம் வெறுமையாகப் போகும். வெளிநாடு கிளம்புகிறவர் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகும் அக்கறையோடு இந்த சிம்முக்கு ஓராண்டு பேக் போட்டு ரோமிங்கும் திறந்துவிட்டுப் போகவேண்டும்.

இதெல்லாம் நடைமுறைச் சிக்கல். இதைவிடப் பெரியது, அலுவலகம் சின்னதாக இருப்பது. ஐந்தாறு இந்திய ஊழியர்கள் மட்டும் உள்ள தூதரகத்தில் உங்களுக்கு அறிக்கை எழுதுபவர்தான் உங்கள் வீட்டு ஒப்பந்தத்துக்கும் ஒப்புதல் தருகிறார், மருத்துவ பில்லுக்கும் விடுப்புக்கும் கையெழுத்திடுகிறார். பெரும்பாலும் அவர் மனைவியும் உங்கள் மனைவியும் ஒரே விழாவுக்குக் கோலம் போடுகிறார்கள். சென்னையில் மேலதிகாரியோடு மனக்கசப்பு வந்தால் மாலை ஐந்தே முக்காலுக்கு பீச் ரயில் ஏறிவிடலாம். அங்கே முடியாது. இந்த நெருக்கத்தில் போடும் மதிப்பெண்ணை நேரடியாகப் பணத்தோடு கட்டினால், 'சார் வீட்டு விசேஷத்துக்கு வரவில்லை' என்பதற்கும் விலை வந்துவிடும். பாலியல் தொந்தரவு போன்ற புகாருக்கு இந்த அமைப்பில் வாய் திறப்பது இன்னும் கடினம். அதைத் தடைசெய்யும் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதி 3-சி நாடு விட்டு நாடு போனாலும் ஊழியரோடே வரும், புகார் அமைச்சகத்தின் குழுவுக்கு நேரே போகலாம், காலக்கெடு மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். இதைக் கிளம்பும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்வது பெண் ஊழியர்களுக்கு மட்டுமான பாடமில்லை. கூட வேலை செய்பவர்களும் தெரிந்திருக்க வேண்டும்.

நேர வித்தியாசத்தையும் சேருங்கள். ரியாத்தில் வெள்ளி, சனி விடுமுறை. டெல்லியில் சனி, ஞாயிறு. இரண்டு அலுவலகமும் ஒன்றாகத் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரை நான்கே நாள். டெல்லி மாலை ஆறு மணிக்கு மூடும்போது ரியாத்தில் மூன்றரை. வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து வரும் அவசரக் கேள்விக்கு விடுமுறை நாளில் பதில் போடுவதும், ஞாயிறன்று டெல்லியில் ஆளில்லாமல் கோப்பு காத்திருப்பதும் வழக்கம். நள்ளிரவில் அமைச்சர் வருகைக்கு விமான நிலையத்தில் நிற்பது தனி. இவற்றில் எதுவும் இலக்கு என்று படிவத்தில் ஏறுவதில்லை.

ஒரு சடலம் ஊர் வந்து சேரும் வரை

எதை அளப்பது என்ற கேள்விக்கு வளைகுடா தூதரகத்தின் ஒரு மேசையைக் கிட்டே போய்ப் பார்த்தால் போதும். பாஸ்போர்ட் கவுன்ட்டரில் எண்ணுவது எளிது: வந்த விண்ணப்பம், கொடுத்த பாஸ்போர்ட், எடுத்த நாள். பக்கத்து மேசையில் இறப்பு வழக்குகள். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் வேலையிடத்தில் இறந்தால், மருத்துவமனை அறிக்கை, காவல்துறை அறிக்கை, உள்ளூர் இறப்புச் சான்றிதழ், குடும்பத்தின் சம்மதக் கடிதம், பாஸ்போர்ட் ரத்து, தூதரகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று, எம்பாமிங் சான்று, விமானச் சரக்குப் பதிவு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நகர வேண்டும். விபத்து, தற்கொலை என்றால் உள்ளூர்க் காவல்துறை விசாரணை முடியாமல் அடுத்த படி இல்லை. முதலாளி நிலுவைச் சம்பளத்தைத் தீர்க்காமல் இழுப்பார். செலவுக்கு ஆளில்லை என்றால் 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

இதில் தமிழ்நாட்டுக் கோப்புகள் நிற்கும் இடம் பெரும்பாலும் பெயர். நமக்கு இனிஷியல்தான் பழக்கம். தாசில்தார் வாரிசுச் சான்றிதழில் 'கு. முருகன்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து 'குப்புசாமி முருகன்' என்றோ 'முருகன் குப்புசாமி' என்றோ இருக்கும். அங்கத்திய அடையாள அட்டையில் அரபி வழியாகப் போய் 'மோருகான் கோபுசாமி' ஆகியிருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று ஓர் அதிகாரி எழுத்தில் உறுதி சொல்லாமல் உள்ளூர் அலுவலகம் ஒப்புக்கொள்ளாது. தமிழ் படிக்கத் தெரிந்த ஏ.எஸ்.ஓ. ஒருவர் மேசையில் இருந்தால் பத்து நிமிடத்தில் புரிந்து, சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் வெளிநாடுவாழ் தமிழர் நல ஆணையரகத்துக்கு ஒரு போன் போட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து ஒரே ஆள் என்ற சான்றை மறுநாளே ஸ்கேனில் வாங்கிவிடுவார். தெரியாதவர் என்றால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம், அதற்குப் பதில், மறுபடி ஒரு கடிதம் என வாரம் ஓடும். அங்கே பிணவறையில் உடல், இங்கே பந்தல் போட்டுக் காத்திருக்கும் வீடு.

தனிநபர் எண்ணிக்கைக்கு ஊக்க ஊதியம் என்று வைத்தால் என்ன நடக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம். பாஸ்போர்ட் கவுன்ட்டருக்கு அடிதடி, இறப்பு மேசைக்கு ஆள் கிடைக்காது. கொஞ்சம் திருத்தி, 'முடித்த இறப்பு வழக்குகள்' என்று எண்ணினால் இயற்கை மரணங்கள் வேகமாக முடியும், சிக்கலான வழக்குகள் அடியில் தங்கும். அதனால்தான் கல்பாக்கம் மாதிரியின் நடுத்தட்டு எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. தூதரகப் பிரிவு முழுவதற்கும் ஒரே ஊக்கத்தொகை, அதைத் தீர்மானிப்பது எண்ணிக்கையைவிடத் தேங்கிய கோப்புகளின் வயது. முப்பது நாளைத் தாண்டிய வழக்கு எத்தனை, அதில் தூதரகத்தின் கையில் நின்றவை எத்தனை, உள்ளூர்க் காவல்துறையின் கையில் நின்றவை எத்தனை என்று பிரித்துக் கேட்க வேண்டும். 2015இல் வந்த 'மதத்' (MADAD) என்ற வெளியுறவு அமைச்சகக் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதிந்த தேதியும் மூடிய தேதியும் இருக்கின்றன. புதிதாகத் தரவு திரட்ட வேண்டியதில்லை. புகார் கொடுத்த குடும்பம் 'முடிந்தது' என்று ஒப்புக்கொண்டால் மட்டும் மூடியதாகக் கணக்கு வைப்பது இன்னொரு காப்பு.

தனிநபர் தட்டையும் வைத்தே தீர வேண்டுமென்றால், மதிப்பெண்ணை ஒருவர் கையில் விடக் கூடாது. அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டு வெளியுறவுப் பணிச் சட்டம் இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. பதவி உயர்வுக்கும் செயல்திறன் தொகைக்கும் பலர் சேர்ந்த தேர்வுக் குழு அறிக்கைகளை ஒப்பிட்டுப் படிக்கும், அதில் துறைக்கு வெளியிலிருந்தும் ஒருவர் உட்காருவார். எழுதிய அதிகாரி ஒருவர், பணத்தை முடிவு செய்பவர்கள் வேறு. அந்த முறையிலும் ஒரு குறை உண்டு. குழு படிப்பது எழுத்தைத்தான் என்பதால் நன்றாக எழுதத் தெரிந்த அதிகாரியின் கீழ் இருப்பவர் முந்துவார். இருந்தாலும் வீட்டு விசேஷத்துக்கு வராத குற்றம் அங்கே எடுபடாது.

சென்னையிலேயே வெளிநாட்டு அரசுகளுக்கு வேலை செய்யும் நம்மவர்களின் நிலை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வேலை செய்யும் உள்ளூர் ஊழியர்களுக்கு, சென்னைச் சந்தையில் நிலவும் சம்பளத்தை ஒட்டியே ஊதியம். அவர்களுக்கு ஏதாவது குறை என்றால் சாதாரண முதலாளியின் மேல் போடுவது போல வழக்குப் போட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 86ஆவது பிரிவின்படி வெளிநாட்டு அரசின் மேல் வழக்குத் தொடர மத்திய அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். எனவே வேலை ஒப்பந்தத்தில் குறைதீர்ப்பு முறை என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சேரும் நாளிலேயே படிப்பது அவசியம். வரிப் பிடித்தம் செய்யாத தூதரகத்தில் இருந்தால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளில் முன்கூட்டி வரி தாங்களே கட்ட வேண்டும்.

அறிக்கை சரியில்லை என்றால்

2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் எந்த மதிப்பீடானாலும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்றது. 2013இல் சுக்தேவ் சிங் வழக்கில் அதை உறுதி செய்தது. கையில் கிடைத்ததிலிருந்து 15 நாளில் முறையீடு, அதன் மேல் 30 நாளில் முடிவு. இந்த 15 நாளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெளிநாட்டு போஸ்டிங் முடிந்து ஊர் மாறும் மாதத்தில் அறிக்கை மின்னஞ்சலில் வந்து கிடக்கும்.

முறையீட்டில் அதிகாரியின் குணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். வேலை வெளியீட்டுக்கு 40 சதவீதம், தனிப் பண்புகளுக்கு 30, செயல்திறமைக்கு 30 என்று மதிப்பெண் பிரிந்திருக்கிறது. வெளியீட்டில் 7 போட்டுவிட்டு, பண்புகளில் 4 போட்டு மொத்தத்தை 6க்குக் கீழே இறக்கியிருந்தால் அந்த இடத்தைச் சுட்டுங்கள். விவரிப்புப் பத்தியில் 'கடின உழைப்பாளி, நம்பகமானவர்' என்று எழுதி எண்ணில் 5 போட்டிருந்தால் இரண்டும் பொருந்தவில்லை என்று காட்டுங்கள். அந்த ஆண்டில் எழுத்தில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றால் அதையும் சேருங்கள். இதற்கெல்லாம் ஆதாரம் மாதாமாதம் ஒரு பக்கம் எழுதி வைத்த வேலைக் குறிப்பு. எத்தனை கோப்பு, எந்தச் சிக்கல், எந்தத் தேதியில் யாருக்கு மின்னஞ்சல். அலுவலக ரகசியம் எதையும் வெளியே எடுத்துச் செல்லாமல் எண்ணும் தேதியும் மட்டும் போதும். அதிகாரி மாறும் ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் ஆகியிருந்தால் அறிக்கையையும், ஆகாவிட்டால் சான்றையும் கேட்டு மின்னஞ்சல் போட்டுவிட வேண்டும்.

முறையீடு தள்ளுபடியானால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். இறுதி உத்தரவு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். பதிலே இல்லையென்றால் ஆறு மாதம் காத்து, அதிலிருந்து ஓராண்டு. நடுவில் நினைவூட்டல் கடிதங்கள் எத்தனை போட்டாலும் கெடு நீளாது. 1989இல் ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கே போடுவது என்பதிலும் கவனம் தேவை. வழக்கு ஊழியர் பணியில் இருக்கும் இடத்திலோ வழக்குக் காரணம் எழுந்த இடத்திலோ தொடங்க வேண்டும். உத்தரவு டெல்லி அமைச்சகத்தில் பிறந்தது, ஊழியர் நைரோபியில் இருக்கிறார் என்றால், வீடு அம்பத்தூரில் இருப்பதால் மட்டும் சென்னை அமர்வு எடுத்துக்கொள்ளாது. டெல்லி முதன்மை அமர்வுதான் வழி. அதே ஊழியர் திரும்பி வந்து சென்னைப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாலோ, ஓய்வு பெற்று அம்பத்தூரிலேயே தங்கிவிட்டாலோ உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சென்னை அமர்விலேயே மனுவைப் போடலாம். அந்த ஓராண்டுக் கெடு இதற்குள் முடியாமல் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.